ஆலைக் களத்தில் வளர்ந்த நான், என் மகளையும் அங்கே வளர விடலாமா?

களத்துமேடு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பிறந்த வீட்டுக்கு ஆத்தூர் சாலையில் ஒரு ஜவ்வரிசி ஆலை இருக்கிறது. தாத்தா தொடங்கி, அப்பா வளர்த்து, இப்போது தம்பி நடத்துகிறான். இரண்டாம் உலகப் போரின்போது மலேயா, சிங்கப்பூர்ப் பக்கமிருந்து ஜவ்வரிசி வருவது நின்றுபோனதால்தான் சேலத்தில் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில் பிறந்தது என்பதை, இந்தத் தொழிலில் உள்ள வீட்டுப் பிள்ளைகள் பாட்டி கதைபோலக் கேட்டு வளர்வார்கள். நானும் அப்படித்தான் வளர்ந்தேன். எங்கள் தாத்தா அந்த முதல் வரிசைக்காரர் அல்லர்; அவர்களைப் பார்த்து, இருந்த நிலத்தில் பாதியை விற்று, துணிந்து தொட்டி கட்டியவர்.

நான் 1983இல் பிறந்தவள். பள்ளி விட்டால் வீட்டுக்குப் போகும் வழக்கம் எனக்கு இருந்ததே இல்லை. புத்தகப் பையை எடைமேடை அறையில் போட்டுவிட்டு, கிழங்கு வண்டி வந்திருக்கிறதா என்று பார்க்க ஓடுவேன். அப்பா ஒரு கிழங்கை எடுத்து இரண்டாக ஒடித்து, முறிந்த இடத்தை என் கண்முன் நீட்டி, "எத்தனை பாயிண்ட் இருக்கும், சொல்லு பாப்பா" என்பார். கிழங்கில் உள்ள மாவுச்சத்தைத்தான் எங்கள் ஊரில் பாயிண்ட் என்கிறோம். விலை அதைப் பொறுத்தே அமையும். நான் ஓர் எண்ணைச் சொல்வேன். பிறகு கிழங்கை நீரில் அமிழ்த்தி எடை பார்த்துக் கணக்கிடுவார்கள். பத்து வயதில் நான் சொல்வதற்கும் தராசு சொல்வதற்கும் ஒரு பாயிண்டுக்கு மேல் வித்தியாசம் வராது. முறியும் ஓசை, முறிந்த முகத்தின் வெண்மை, விரலில் ஒட்டும் பால் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் சொன்னேன் என்று இப்போது விளக்க முடிகிறது. அன்று கேட்டிருந்தால் "தெரியுது" என்று மட்டுமே சொல்லியிருப்பேன்.

தொட்டியில் மாவு தெளிந்து அடியில் கட்டியான பிறகு, மேல்நீரை வடித்துவிட்டு அதை வெட்டி எடுப்பார்கள். அந்த ஈரமாவை அப்பா கைப்பிடியில் இறுக்கிப் பிடித்து விரிப்பார். ஐந்து விரல் தடமும் பதிந்து, தட்டினால் உதிர வேண்டும். உதிராவிட்டால் ஈரம் மிகுதி, பதியாவிட்டால் காய்ந்துவிட்டது. இந்தப் பதத்துக்கு வந்த மாவைத்தான் தூளியில் இட்டு ஆட்டிக் குருணையாக உருட்டுவார்கள். இப்போது அதற்கெல்லாம் இயந்திரம் வந்துவிட்டது என்றாலும், அப்பா இன்றும் கையால் பிடித்துப் பார்த்த பிறகே தலையசைப்பார். ஊரார் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் அந்தப் புளித்த வாடை எனக்கு வாடையாகவே தோன்றியதில்லை. கல்லூரி விடுதியில் சேர்ந்த முதல் வாரம் எனக்குத் தூக்கம் வராததற்கு அது இல்லாததே காரணம் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

2004இல் எனக்குத் திருமணம் ஆனது. அப்போது தம்பி பன்னிரண்டாம் வகுப்பு. ஆலை அவனுக்கு என்று யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவை யாருக்கும் இருக்கவில்லை. எனக்கும் அப்போது அது குறையாகப் படவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். தம்பி நல்லவன், உழைப்பாளி. ஆனால் அவன் கிழங்கை ஒடித்துப் பார்ப்பதில்லை, தராசைத்தான் பார்க்கிறான். தவறில்லை.

இப்போது என் மகளுக்குப் பதின்மூன்று வயது. நாங்கள் சேலம் நகரில் இருக்கிறோம். இரண்டு ஆண்டுகளாக ஒவ்வொரு விடுமுறைக்கும் "தாத்தா ஆலைக்கு" என்று அவளே பை கட்டிக்கொள்கிறாள். காலாண்டு விடுமுறையில், எடைச் சிட்டையை எழுதிக்கொண்டிருந்தவள், ஒரு விவசாயியின் கணக்கில் மண்ணுக்கான கழிவை இரண்டு முறை கழித்திருப்பதைக் கண்டுபிடித்து, அவர் எதிரிலேயே தாத்தாவிடம் சொல்லிவிட்டாளாம். அப்பா அந்த வித்தியாசத்தை அங்கேயே எண்ணிக் கொடுத்துவிட்டு, அன்றிரவு என்னைத் தொலைபேசியில் அழைத்து, "அப்படியே உன்னைப் போலவே இருக்கா" என்றார். பெருமையாகத்தான் சொன்னார். எனக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை.

அரையாண்டு விடுமுறை நெருங்குகிறது. கிழங்கு வரத்து உச்சத்தில் இருக்கும் காலம். அனுப்பலாமா என்பது ஒரு கேள்வி. அனுப்பினால் எப்படி அனுப்புவது, எதைச் சொல்லி அனுப்புவது என்பது அதைவிடப் பெரிய கேள்வி. குடும்பத் தொழிலுக்குள் வளர்ந்தவர்கள், அதில் நிலைத்தவர்களும் விலகியவர்களும், உங்களுக்கு என்ன மிஞ்சியது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

---

சலங்கைமணி எழுதியது:

சகோதரி, நான் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவன். நான்காம் தலைமுறை. உங்கள் தொழிலில் களம் பெரியது. எங்களுடையதில் வீடும் பட்டறையும் ஒன்றே. முன்னறையில் வெள்ளி உருக்குவார்கள், நடு அறையில் கம்பி இழுப்பார்கள், பின்கட்டில் அம்மாவும் அத்தைகளும் வளையங்களைக் கோத்து, பற்றவைப்பதற்குப் பொடி வைப்பார்கள். மாடிப்படியில் உட்கார்ந்து நான் வீட்டுப்பாடம் எழுதுவேன். என் கணக்கு நோட்டின் பக்கங்களுக்கு இடையே எப்போதும் வெள்ளித் தூள் இருக்கும். பையை உதறும்போது பாட்டி கீழே ஒரு தாளை விரிப்பார்.

அந்தத் தாளைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் பெருக்கிய குப்பையை வெளியே கொட்டக் கூடாது. தரையில் கிடக்கும் மண்ணில் வெள்ளி இருக்கிறது. அதைச் சேர்த்துவைத்து, அந்த மண்ணைக் கழுவிப் பிரித்தெடுப்பவர்களிடம் விற்பார்கள். ஒரு நாள் விளக்குமாற்றைக் கொடுத்து, "இன்னிக்கு மூலையெல்லாம் நீ கூட்டு சாமி" என்று தாத்தா சொன்னார். எனக்கு எட்டு வயது. அந்த மண் விற்ற பணத்தில் எனக்கும் ஒரு பங்கு வந்தது. எத்தனை ரூபாய் என்று மறந்துவிட்டது; ஆனால் தாத்தா அதைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துத் தரவில்லை, சிட்டையில் என் பெயரை எழுதி, அதற்கு நேராகத் தொகையைப் போட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு தந்தார் என்பது மட்டும் மறக்கவில்லை. என் அக்காவும் அதே அறைகளைத்தான் கூட்டினாள். அவள் பெயர் அந்தச் சிட்டையில் இல்லை. அவளுக்கு வளையல் வாங்கித் தந்தார்கள்.

உங்கள் பதிவைப் படித்த பிறகுதான் இது எனக்கு உறைத்தது. நாற்பது ஆண்டுகளாக நான் இந்தக் கதையைப் பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அக்காவின் வளையலை ஒருமுறையும் அதில் சேர்த்ததில்லை.

எனக்கு மிஞ்சியது என்ன என்று கேட்டீர்கள். கண்ணும் கையும் மிஞ்சின. ஒரு கொலுசைக் கையில் எடுத்தால் எத்தனை டச், அதாவது எவ்வளவு சுத்த வெள்ளி, இருக்கும் என்று ஏறத்தாழச் சொல்லிவிடுவேன். கூடவே ஒரு பயமும் மிஞ்சியது. வெள்ளி விலை ஏறினால் எல்லோரும் எங்களுக்கு யோகம் என்று நினைக்கிறார்கள். உண்மையில், வியாபாரி வெள்ளியைக் கொடுத்து, நாங்கள் கூலிக்குச் செய்து தருவதே எங்கள் பிழைப்பு. விலை ஏறினால் அவர் குறைவாக வாங்குவார், எங்களுக்கு வேலை குறையும், சேதாரத்தில் ஒரு கிராம் கூடினாலும் எங்கள் கூலி அதில் கரைந்துவிடும். கிலோ 1 லட்சம் ரூபாயைக் கடந்த பிறகு எங்கள் தெருவில் பல வீடுகளில் கம்பி மெஷின் சத்தம் நின்றுபோனது. சாப்பாட்டுத் தட்டின் முன் பெரியவர்கள் விலை பேசுவதைக் கேட்டே வளர்ந்ததால், இன்றும் காலையில் செய்தித்தாளை எடுத்தால் என் கண் முதலில் போவது அந்தக் கட்டத்துக்குத்தான். உங்கள் வீட்டில் அது கிழங்கு விலையாக இருந்திருக்கும்.

என் கருத்து: அனுப்புங்கள். ஆனால் உங்கள் அப்பாவிடம் ஒரே ஒரு நிபந்தனை வையுங்கள். அவள் எழுதுவது சிட்டை என்றால், அந்தச் சிட்டையில் அவள் பெயரும் கூலியும் இருக்கட்டும். பேத்தி என்பதற்காகப் புதுத் துணி எடுத்துத் தருவது வேறு, வேலைக்கு நாள்கூலி போடுவது வேறு.

---

மிளகுக்கொடி எழுதியது:

நான் மாற்றுக் கருத்துக் கொண்டவன். ஏற்காட்டில் எங்கள் குடும்பத்துக்குச் சிறிய காப்பித் தோட்டம் இருக்கிறது. 1820களில் காக்பர்ன் என்ற கலெக்டர் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்று பலகையில் எழுதி வைத்திருப்பதைச் சுற்றுலா வருபவர்கள் படித்துவிட்டுப் போகிறார்கள். செடி நட்டு, நிழலுக்குச் சில்வர் ஓக் வைத்து, அதில் மிளகைப் படரவிட்ட பிறகு, தோட்டம் நம்மை விடாது என்பதைப் பலகையில் எழுத முடியாது.

மார்ச், ஏப்ரலில் பெய்யும் மழையைக் கொண்டுதான் காப்பி பூக்கும். அந்த ஒரு மழைக்காக வீடே வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். என் பத்தாம் வகுப்புத் தேர்வு அந்தக் காலத்தில்தான் வந்தது. தேர்வு எப்படி எழுதினாய் என்று அப்பா கேட்டதாக நினைவில்லை, கீழே சேலத்தில் மேகம் இருந்ததா என்று கேட்டார். தண்டுத் துளைப்பான் பூச்சி பிடித்த செடிகளைப் பிடுங்கி எரித்த ஆண்டில், ஏழு வயதுப் பையனான நான் ஏன் அழுதேன் என்று எனக்கே தெரியாது. பெரியவர்கள் அழாததால் நான் அழுதிருக்கலாம்.

பிள்ளை விரும்பிப் போகிறாள் என்கிறீர்கள். நானும் விரும்பித்தான் போனேன். விரும்பாமல் இருக்க முடியும் என்றே எனக்குத் தெரியாது. வேறு எதையேனும் விரும்பிப் பார்க்க அவளுக்கு ஓரிரு விடுமுறைகளைக் கொடுத்துவிட்டு, அதன் பிறகும் ஆலைதான் என்றால் அனுப்புங்கள். கூலி, சிட்டை எல்லாம் அப்புறம்.

---

எடைக்கல் எழுதியது:

இந்த இழையில் பேசியவர்கள் மூவரும் முதலாளி வீட்டுப் பிள்ளைகள். நானும் ஒரு ஜவ்வரிசி ஆலையில்தான் வளர்ந்தேன். ஆனால் என் அம்மா அங்கே கிழங்குத் தோல் உரித்தவர். என் பாட்டியும் அதே ஆலையில், அதே தாழ்வாரத்தில் உரித்தவர். எனவே எங்களுக்கும் அது மூன்று தலைமுறைத் தொழில்தான் என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்த ஆலையின் பெயர் இங்கே தேவையில்லை.

பருவம் தொடங்கினால் விடியற்காலை நான்கு மணிக்கு அம்மா என்னையும் தங்கையையும் எழுப்பி அழைத்துக்கொண்டு போவார். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, வளைந்த சிறு கத்தியால் ஒரே இழுப்பில் தோலை நீளமாகச் சீவித் தள்ளுவார்கள். அம்மாவின் வலது கைப் பெருவிரலின் உட்புறம் ஒரு பள்ளம் இருக்கும். கத்தி தாங்கித் தாங்கி வந்த பள்ளம். எங்களை அந்தத் தோல் குவியலுக்குப் பக்கத்தில் ஒரு சாக்கின் மேல் படுக்க வைப்பார். பச்சைக் கிழங்கைக் கடித்துவிடக் கூடாது, நஞ்சு இருக்கிறது என்பதுதான் எங்களுக்கு அவர் கற்றுத் தந்த முதல் பாடம். இலையை மேய்ந்த ஆடு வயிறு உப்பிச் செத்ததைக் காட்டியே அதைச் சொல்லித் தந்தார்.

களத்துமேடு அம்மா, தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கிழங்கை ஒடித்தால் பாயிண்ட் தெரியும் என்று எழுதியிருந்தீர்கள். என் அம்மாவுக்கும் தெரியும். ஒடிக்கவே வேண்டாம், தோலைச் சீவும்போது கத்தி போகும் விதத்திலேயே, "இது பத்து மாசம் ஆகாத கிழங்கு, அவசரப்பட்டுப் பிடுங்கிட்டாங்க" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுவார். எடைமேடையில் இருந்தவர்கள் அவரிடம் ஒருநாளும் கேட்டதில்லை. பிறகு தோல் உரிக்க இயந்திரம் வந்தது. ஒரே பருவத்தில் தாழ்வாரம் காலியானது. அம்மாவைக் களத்தில் ஜவ்வரிசி காய வைத்துக் கிளறும் வேலைக்கு மாற்றினார்கள். வெண்மையான களத்தில் வெயில் மேலிருந்தும் கீழிருந்தும் அடிக்கும். நாற்பத்தைந்து வயதில் கண்ணில் புரை வந்தது. வெயில்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை, அம்மா சொல்லுவார்.

முதலாளியின் மகன் என் வயதுதான். இருவரும், மாவு எடுத்த பிறகு மிஞ்சும் திப்பிக் குவியலில் சறுக்கி விளையாடியிருக்கிறோம். பத்து வயதுக்குப் பிறகு அவன் எடைமேடை அறைக்குள் போனான், நான் மூட்டை தைக்கும் இடத்துக்குப் போனேன். 90 கிலோ மூட்டையின் வாயைக் கோணி ஊசியால் எத்தனை தையலில் மூடுவது என்பது எனக்கு இன்றும் கை நினைவாக இருக்கிறது. பிறகு அரசு விடுதியில் தங்கிப் படித்தேன். இப்போது ஓர் அரசு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். அம்மாவுக்கு அந்த ஆலையிலிருந்து மிஞ்சியது, நின்ற நாளில் கிடைத்த ஒரு சேலையும் அந்த மாதக் கூலியும்.

உங்கள் மகள் ஒரு விவசாயிக்காகப் பேசியதைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அவளை அனுப்புங்கள். ஆனால் எடைமேடை அறையில் மட்டும் உட்கார வைக்காதீர்கள். களம் கிளறும் பெண்களோடு ஒரு நாள் முழுவதும் இருந்துவிட்டு வரச் சொல்லுங்கள். அவர்களுக்குத் தெரிந்ததைக் கேட்டு எழுதிக்கொண்டு வரட்டும். அந்தப் பக்கத்தில் பெயர்களும் இருக்கட்டும்.

---

நீதிமன்றத் தெரு எழுதியது:

உணர்வுகளுக்கு இடையே சட்டத்தை நுழைப்பதற்கு மன்னிக்கவும். ஆனால் மேலே சொன்ன யோசனை ஒன்றில் சிக்கல் இருக்கிறது.

சலங்கைமணி ஐயா நாள்கூலி போடச் சொல்கிறார். நோக்கம் நல்லது. ஆனால் குழந்தைக்கு வயது பதின்மூன்று. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின்படி, பதினான்கு வயது நிறையாத குழந்தை, படிப்பு கெடாமல், பள்ளி நேரத்துக்குப் பின்னரோ விடுமுறையிலோ, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம். அது உதவியாக மட்டுமே இருக்க வேண்டும். வருமானம் தரும் வேலையாக மாறக் கூடாது. ஆகவே கூலி நோட்டில் பெயர் ஏறினால், நீங்கள் மரியாதை என்று நினைத்துச் செய்வது சட்டத்தின் கண்ணில் வேலைக்கு அமர்த்தியதாகிவிடும். இன்னொரு வேடிக்கையையும் சொல்கிறேன்: அந்தச் சட்டம் குடும்பம் என்று வரையறுக்கும் பட்டியலில் தாயின் சகோதரர் இருக்கிறார், தாத்தா இல்லை. அரைக்கும் இயந்திரம், வறுக்கும் அடுப்பு, கொதிகலன் இருக்கும் பக்கம் அவள் போகவே வேண்டாம் என்பதைச் சட்டம் சொல்லாவிட்டாலும் நான் சொல்வேன்.

இரண்டாவது, நீங்கள் கேட்காத கேள்வி. கேட்கவில்லை என்றாலும் பதிவு முழுவதும் அதுதான் ஓடுகிறது. தமிழ்நாட்டில் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கு மகனைப் போலவே பிறப்புரிமை தரும் திருத்தம் 1989 மார்ச் 25ஆம் தேதியே நடைமுறைக்கு வந்துவிட்டது. அந்தத் தேதிக்கு முன் திருமணமானவர்களுக்கு மட்டும் அது பொருந்தவில்லை. அந்த விலக்கும் 2005ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தத்தால் போயிற்று. நீங்கள் 2004இல் மணமானவர் என்பதால் 1989ஆம் ஆண்டுத் திருத்தமே உங்களுக்குப் பொருந்தும். ஆனால் இதைப் படித்துவிட்டு நாளையே அப்பாவிடம் போய் நிற்க வேண்டாம். தாத்தா தம் பணத்தில் வாங்கிய நிலம், இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த 1956க்குப் பிறகு வாரிசு முறையில் அப்பாவுக்கு வந்திருந்தால், அது பெரும்பாலும் அப்பாவின் தனிச் சொத்தாகவே கொள்ளப்படும். அவர் விரும்பியபடி உயில் எழுதலாம். மூன்று தலைமுறையாக இருப்பதாலேயே ஒரு சொத்து பூர்விகச் சொத்தாகிவிடாது. இதைப் புரியவைப்பதற்கே என் வாழ்நாளில் பாதி போய்விட்டது.

மூன்றாவது, ஆலை யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். இப்படிப்பட்ட ஆலைகள் பெரும்பாலும் கூட்டு வணிக நிறுவனமாக இருக்கும். அப்படியானால் பேசுவது சொத்துரிமைச் சட்டம் அல்ல, கூட்டாளிகளின் ஒப்பந்தப் பத்திரம். 1932ஆம் ஆண்டின் கூட்டு வணிகச் சட்டத்தின் 30ஆம் பிரிவின்படி, எல்லாக் கூட்டாளிகளும் சம்மதித்தால், வயது வராத பிள்ளையை லாபத்தில் மட்டும் பங்குபெறச் சேர்க்கலாம். வயது வந்த பிறகு, தொடர்வதா விலகுவதா என்று முடிவு செய்து ஆறு மாதத்துக்குள் அறிவிக்க வேண்டும். அந்தப் பத்திரத்தை நீங்கள் என்றைக்காவது படித்திருக்கிறீர்களா?

---

களத்துமேடு எழுதியது:

பதில் எழுதிய நால்வருக்கும் நன்றி. உடனே எழுத முடியவில்லை. இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆலைக்குப் போய்வந்தேன்.

எடைக்கல் ஐயா, உங்கள் பதிவை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். எங்கள் ஆலையிலும் தோல் உரிக்கும் தாழ்வாரம் இருந்தது. இயந்திரம் வந்ததும் அது சாக்குக் கிடங்காகிவிட்டது. அங்கே உட்கார்ந்திருந்த பெண்கள் பதினெட்டுப் பேர் என்று அப்பா சொன்னார். பெயர் சொல்லுங்கள் என்றேன். பதினொரு பெயர் சொன்னார். அதற்கு மேல் வரவில்லை. எனக்கு ஆறு பெயர்தான் வந்தது, அதிலும் இரண்டு பெயர் அவருடைய பட்டியலில் இல்லாதவை. இதற்குமேல் இதைப் பற்றி உங்களிடம் சொல்ல எனக்குத் தகுதியான சொல் இல்லை.

நீதிமன்றத் தெரு ஐயா, பத்திரத்தை நான் படித்ததில்லை. கேட்டு வாங்கிப் படித்தேன். அப்பா, தம்பி, தம்பியின் மனைவி ஆகிய மூவரும் கூட்டாளிகள். தம்பி மனைவி பெயர் அதில் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். அதைவிட வியப்பு, அது அவருக்கும் சரியாகத் தெரியாது என்பது. "ஆடிட்டர் கையெழுத்துப் போடச் சொன்னாரு, போட்டேன் அண்ணி" என்றார். பன்னிரண்டு ஆண்டுகளாகக் கையெழுத்துப் போட்டுவருகிறார். எடைமேடைக்கு உள்ளே ஒருமுறையும் போனதில்லை. ஜவ்வரிசி ஆலைகளின் கூட்டுறவு விற்பனைச் சங்கமான சேகோசர்வில் நம் மூட்டை எப்படி ஏலம் போகிறது, வடக்கே நோன்பு மாதங்களில் ஏன் விலை ஏறுகிறது என்பது எதுவும் அவருக்குத் தெரியாது. நானோ அதையெல்லாம் தெரிந்துகொண்டு, பத்திரத்துக்கு வெளியே நின்றுகொண்டிருக்கிறேன். இருவரும் சமையலறையில் நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வந்தது சிரிப்பு. அவருக்கும்.

சொத்தைப் பற்றி நான் அப்பாவிடம் பேசவில்லை. அதற்கு எனக்கு இன்னும் கொஞ்ச காலம் வேண்டும். பேசப் போவதில்லை என்று சொல்லவில்லை. மகளைப் பற்றி மட்டும் பேசினேன். கூலி கிடையாது, சிட்டை எழுதும் பொறுப்பும் கிடையாது, வறுவல் பக்கம் போகக் கூடாது, விடுமுறையில் பாதி ஆலை, பாதி அவள் விருப்பம் என்றேன். மிளகுக்கொடி ஐயா சொன்னது அந்தப் பாதிக்காக. அப்பா எல்லாவற்றுக்கும் சரி என்றவர், ஒன்றை மட்டும் மறுத்தார்: "பாயிண்ட் சொல்றதை நிறுத்தச் சொல்லாத. அது வேலை இல்ல." அதை நானும் ஒப்புக்கொண்டேன்.

சலங்கைமணி ஐயா, உங்கள் அக்காவிடம் பேசினீர்களா?

கிளம்பும்போது, முற்றத்தில் கிடந்த ஒரு கிழங்கைத் தம்பி மனைவி எடுத்து என் மகளிடம் நீட்டி, "எப்படிப் பார்க்கறதுன்னு எனக்கும் சொல்லிக் குடு" என்றார். அவள் ஒடித்தாள். 28 என்றாள் மகள். நான் 26 என்றேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் எடைமேடை பூட்டியிருந்தது. சாவி தம்பியிடம் இருந்தது, அவன் ஊரில் இல்லை. கிழங்கை இரண்டு துண்டாகவே ஒரு பையில் போட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு வந்திருக்கிறோம்.